அஞ்சுகம் பேசி முடித்த பாக்கி

அஞ்சுகத்திடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் தருமபுரத்தில் யாரும் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக அந்தத் தெருக்களில் மீன் விற்கிறாள். ஓய்வு பெற்ற வாத்தியார் சோமசேகரன் மட்டும் இன்னும் விடாமல் முயன்றுகொண்டிருக்கிறார். இவள் இருநூற்றைம்பது சொல்வாள், அவர் நூற்றைம்பதில் ஆரம்பிப்பார், கடைசியில் இருநூற்று நாற்பதுக்கு வாங்கிக்கொண்டு பத்து ரூபாய் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் உள்ளே போவார். அவள் மனதில் வைத்திருந்த விலையே இருநூற்று இருபதுதான் என்பது வாத்தியாருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம், பாவம்.

விற்கிற இடத்தில் இப்படி என்றால் வாங்குகிற இடத்தில் இன்னும் மோசம். மண்டபத்தூர் கரையில் மீனை ஏலம் விடுகிறவர் மாரிக்கண்ணு. பெண்கள் காலையில் அவரிடம் மீனைக் கடனுக்கு எடுத்துக்கொண்டு போய், விற்றுவிட்டு வந்து பணம் கொடுப்பார்கள். எல்லா நாளும் முழுதாகக் கொடுத்துவிட முடியாது. அங்கே நூறு, இங்கே இருநூறு என்று பாக்கி நிற்கும். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள் அந்தப் பாக்கியை எல்லாம் தீர்த்துக்கொள்வது கரை வழக்கம். தீர்க்கும்போது மாரிக்கண்ணு நூற்றுக்குப் பத்து கழித்துக்கொண்டுதான் வாங்குவார். கழிக்காமல் வாங்கினால் ஏலக்காரருக்கு மரியாதை இல்லை. இன்னும் கொஞ்சம் கழியுங்கள் என்று கேட்காவிட்டால் கொடுப்பவளுக்குச் சாமர்த்தியம் இல்லை. மற்றவர்கள் பத்தோடு திருப்திப்பட்டுப் போனாலும் அஞ்சுகம் பதினைந்துக்குக் கொண்டுவராமல் விடமாட்டாள்.

இந்த வழக்கம்தான் அவளைக் கவிழ்த்தது.

கொரோனாவுக்கு முந்தின வருடம், கூடை வைத்துக்கொண்டு போக ஒரு மொபெட் வாங்கினாள். காரைக்காலில் ஒரு பைனான்ஸ் கம்பெனி கடன் கொடுத்தது. எதிர்வீட்டுச் செல்லமும் அதே கம்பெனியில்தான் ஃபிரிட்ஜுக்குக் கடன் வாங்கினாள். செல்லத்துக்குப் புருஷன் இல்லை. மீன் வெட்டிக் கொடுத்துப் பிழைக்கிறவள். ஊரடங்கில் இரண்டு பேருக்கும் தவணை நின்றுபோனது. எல்லாம் ஓய்ந்தபின் கம்பெனியின் வசூல்காரன் குணசேகரன் வந்து வாசலில் நின்றான். அஞ்சுகத்தின் பேரில் இருபத்தாறாயிரத்து எண்ணூறு, செல்லத்தின் பேரில் பத்தொன்பதாயிரம் என்றான். ஒரே தடவையாகக் கட்டினால் குறைத்து முடித்துக்கொள்ளலாம் என்று அவனே வழியும் காட்டினான்.

குறைப்பது என்று சொன்னபிறகு அஞ்சுகத்தைப் பிடிக்க முடியுமா? குணசேகரனை இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்துப் பேசினாள். அவன் இருபதாயிரத்தில் ஆரம்பித்தான். பதினான்காயிரத்தில் முடித்தாள். கையோடு செல்லத்தின் கணக்கையும் பத்தாயிரத்துக்கு முடித்துக் கொடுத்தாள். அன்றைக்குத் தெருவே அவளை வேடிக்கை பார்த்தது. நான்கு வருடமாக அவள் அந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு, காதுகுத்து வீடு இல்லை. அவள் புருஷன் காத்தமுத்து, படகுக்குப் போகிறவர், கதை ஆரம்பிக்கும்போதே எழுந்து வெளியே போய்விடுவார்.

இந்த வருடம் மார்ச் மாதம் அந்தக் கதைக்கு ஒரு முடிவு வந்தது.

பன்னிரண்டு மீன்காரப் பெண்கள் சேர்ந்து நடத்தும் அலைமகள் மகளிர் குழுவுக்கு அஞ்சுகம் தலைவி. ஆரம்பித்ததே அவள்தான். பஸ்ஸில் மீன் கூடையோடு ஏறினால் கண்டக்டர் முகத்தைச் சுளிப்பார். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போவார்கள். அம்பகரத்தூர் மாதிரி தூரத்து ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி மீன் நைந்துவிடும். அஞ்சுகத்தின் மொபெட்டும் உப்புக் காற்றில் துருப்பிடித்து ஒரு வருடமாகக் கொல்லையில் சாய்ந்து கிடக்கிறது. ஐஸ் பெட்டி வைத்த லோடு ஆட்டோ ஒன்று இருந்தால் பன்னிரண்டு பேர் கூடையும் ஒரே நடையில் போய்விடும், இவர்கள் கைவீசிக்கொண்டு மனுஷிகளாகப் பஸ் ஏறலாம். அதற்குத்தான் ஆறு லட்சம் கேட்டு வங்கியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஜூன் பாதியில் படகுகள் திரும்பக் கடலுக்குப் போகும்போது வண்டி கையில் இருக்கவேண்டும்.

வங்கியில் குழுக் கடன்களைப் பார்ப்பவள் பாரதிப்ரியா என்ற பெண். அஞ்சுகத்தின் மகள் வயதுதான் இருக்கும்.

"உக்காருங்கக்கா."

"இருக்கட்டும் மேடம், கூடைய வெளில வச்சிட்டு வந்திருக்கேன். சொல்லுங்க."

"குழு கணக்குல ஒரு கொறையும் இல்ல. ஆனா இப்பல்லாம் ஒவ்வொருத்தர் பேர்லயும் சிபில் பாக்கச் சொல்றாங்க, பழைய கடன ஒழுங்கா கட்டுனாங்களான்னு போடுற மார்க்கு. ரெண்டு பேர் பேரு இடிக்குது."

அஞ்சுகத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யாரு மேடம் அவளுவ? பேரச் சொல்லுங்க. இழுத்துட்டு வந்து ஒங்க முன்னாடியே கேக்குறேன்."

பாரதிப்ரியா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். "ஒண்ணு செல்லம். இன்னொண்ணு நீங்கதான்."

வெளியே கூடையின்மேல் காக்கை உட்கார்ந்திருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அஞ்சுகம் அதை விரட்டக்கூடப் போகவில்லை.

"நான் யாருக்கும் ஒத்த ரூவா பாக்கி இல்லியே" என்றாள். பிறகு, மொபெட் கடனைத் தான் முடித்த கதையை, குணசேகரனை வெயிலில் நிற்க வைத்தது உட்பட, முழுதாகச் சொன்னாள். கல்யாண வீடுகளில் எல்லோரும் சிரிக்கிற இடத்தில் இந்தப் பெண் சிரிக்கவில்லை.

"அதாங்கக்கா வினையே. கொறைச்சு வாங்கிட்டு முடிச்சதா எழுதியிருக்காங்க. முழுசா கட்டாதவங்கன்னுதான் அதுக்கு அர்த்தம். ஏழு வருஷத்துக்கு நிக்கும்."

"அவங்களே ஒத்துக்கிட்டுத்தானே வாங்குனாங்க? கைநாட்டா வச்சேன், கையெழுத்துல்ல போட்டேன்!"

"ஒத்துக்கிட்டாங்கக்கா. எழுதியும் வச்சிட்டாங்க."

"கழிச்சுக் குடுத்துட்டு அத எழுதியும் வைப்பானா ஒரு மனுஷன்?"

பாரதிப்ரியா நல்ல பெண், வழி மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் விலகிக்கொண்டால் மீதிப் பத்துப் பேருக்கு உடனே கடன் கிடைக்கும். இல்லாவிட்டால் அன்றைக்குக் குறைத்த பணத்தை இப்போது அந்தக் கம்பெனியிலேயே கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கவேண்டும். அவர்கள் மாற்றி எழுத இரண்டு மாதம் பிடிக்கும். அஞ்சுகத்தின் போனில் மதிப்பெண்ணைப் பார்க்க ஒரு செயலியையும் போட்டுக் கொடுத்தாள். ஐந்நூற்று எழுபத்தொன்று என்று காட்டியது. தொள்ளாயிரத்துக்கு.

செல்லத்திடம் விஷயத்தைச் சொல்லத்தான் அஞ்சுகத்துக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் எதிர்வீட்டைப் பார்க்காமலே வந்தாள், போனாள். மூன்றாம் நாள் சொன்னாள். செல்லம் வெட்டிக்கொண்டிருந்த கொடுவா மீனைக் கீழே வைத்தாள்.

"நான் முழுசா கட்டுறேன்னுதானே சொன்னேன்? தோட்ட அடகு வக்கிறேன், பத்தொம்பதையும் கட்டிடுறேன்னு சொன்னேனா இல்லியா? நீதானேக்கா, இரு இரு நான் கொறைச்சுத் தாரேன்னு போனே?"

உண்மைதான். செல்லம் தோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அதைத் திரும்பக் காதில் மாட்டிவிட்டதே அஞ்சுகம்தான்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. சோறு வைத்துக்கொண்டு போனைப் பார்ப்பாள். ஐந்நூற்று எழுபத்தொன்று. கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்ப்பாள். அதேதான். "அது என்ன கடலா, நேரத்துக்கு நேரம் மாற?" என்று காத்தமுத்து அலுத்துக்கொண்டார். அவருக்கு என்ன, அவர் பேரில் கடன் கொடுக்க இதுவரை எந்தக் கம்பெனியும் பிறக்கவில்லை.

கம்பெனியைத் தேடிப் போனால் கம்பெனியைக் காணோம். காரைக்கால் கடைத்தெருவில் அது இருந்த மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். கடைக்காரர் சேக் அலாவுதீன், "மூணு வருஷமாச்சே தாயி. அங்க இருந்த பையன் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கான், போய்க் கேளுங்க" என்றார்.

அந்தப் பையன் குணசேகரன்தான். அவளைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினான்.

"வாங்கக்கா. நல்லா இருக்கீங்களா?"

"நீ கழிச்சுக் குடுத்தியே, இப்படி ஆவும்னு அப்ப தெரியுமா ஒனக்கு?"

குணசேகரன் கையில் இருந்த தாள்களைத் தட்டித் தட்டி அடுக்கினான். "அப்ப எங்களுக்கு டார்கெட்டுக்கா. எத்தினி கணக்க முடிக்கிறோமோ அத்தினி கமிஷன்."

"தெரியுமா தெரியாதா?"

"தெரியும்க்கா."

அடித்துவிடலாம் போல இருந்தது. ஆனால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அந்த இரண்டு மணி நேரப் பேரத்தில், தான் மீன்காரியாக நிற்கவில்லை, சோமசேகரன் வாத்தியாராக நின்றிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பத்து ரூபாய் மிச்சம் என்று உள்ளே போன வாத்தியார். கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. குணசேகரன் எங்கெங்கோ போன் பண்ணி, கம்பெனி நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டதைக் கண்டுபிடித்து, இரண்டு கடன்களின் எண்ணையும் தாளில் எழுதி, ஒரு ஜெராக்ஸும் எடுத்துக் கொடுத்தான். ஜெராக்ஸுக்குக் காசு வாங்கவில்லை. அவள் காசை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

நாகப்பட்டினத்தில் வேறு கூத்து. கவுண்டரில் இருந்தவர் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது முடிஞ்ச கணக்கும்மா. இதுல பணம் வாங்க முடியாது" என்றார்.

"முடியலன்னுதானே சார் எழுதி வச்சிருக்கீங்க?"

"முடிஞ்சிடுச்சும்மா. அதனாலதான் எழுதியிருக்கு."

கொடுக்கிறேன் என்று ஒருத்தி நிற்கிறாள், வேண்டாம் என்கிறார்கள். கடன்காரனுக்கு ஒளிந்து கொல்லைப்பக்கம் ஓடியவர்களை அஞ்சுகம் பார்த்திருக்கிறாள். பணத்தை வைத்துக்கொண்டு கடன் கொடுத்தவனைத் துரத்துகிற கொடுமை தனக்கு வாய்க்கும் என்று நினைக்கவில்லை. மனு எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரம் போனாள். சென்னையிலிருந்து பதில் வரவில்லை என்றார்கள். அதற்கடுத்த வாரமும் போனாள். போகிற நாளெல்லாம் வியாபாரம் போனது. உட்காரச் சொன்ன நாற்காலிகளில் ஒன்றில்கூட அவள் உட்காரவில்லை. நான்காம் தடவை பதில் வந்திருந்தது. அஞ்சுகம் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு, செல்லம் ஒன்பதாயிரம். கட்டினால் கடிதம் தருவார்கள்.

அவளிடம் இருந்தது பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு. வேலையில்லாத இரண்டு மாதத்துக்கென்று அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்தது.

"ஒன்னோடத மொதல்ல கட்டு" என்றார் காத்தமுத்து. "நீதானே தலைவி. தலைவி பேரே கெட்டுக் கெடந்தா எவன் மதிப்பான்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அஞ்சுகம் கரைக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். படகுகளை மேலே இழுத்துப் போட ஆரம்பித்திருந்தார்கள். தன் கணக்கைக் கட்டினால் ஜூனில் தலைவியாகவே கையெழுத்துப் போடலாம். செல்லம் வெளியே நிற்பாள். செல்லம் யாரிடமும் எதுவும் சொல்லமாட்டாள், சும்மா மீன் வெட்டிக்கொண்டிருப்பாள். அதை நினைத்ததும் அஞ்சுகம் பாதி வழியில் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்து, "எம் பேர நானே கெடுத்துக்கிட்டேங்க. அவ பேர நான்ல கெடுத்தேன்?" என்றாள். காத்தமுத்து டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தார். மறுநாள், இன்னும் முகம் கொடுத்துப் பேசாத செல்லத்தையும் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினம் போய் ஒன்பதாயிரத்தைக் கட்டிவிட்டு வந்தாள்.

தடைக்காலத்துக்கு முந்தின நாள் மாரிக்கண்ணுவிடம் போனாள். பாக்கி நாலாயிரம். அவர் நோட்டைப் பிரித்து, "மூவாயிரத்தி அறுநூறு குடு. நீ மூவாயிரத்தி நானூறும்ப, சரி, அதையே குடு" என்றார்.

"நாலாயிரத்தையும் வச்சிக்குங்க மாமா. கழிக்காதீங்க."

மாரிக்கண்ணு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்னாடி, என்கூட சண்டையா? நான் என்ன ஒனக்கு மூணாம் மனுஷனா?"

"எங்கயாவது எழுதி வச்சிடுவீங்களோன்னு பயமா இருக்கு மாமா."

கேலி செய்கிறாள் என்று நினைத்து அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். பேனாவை எடுத்து அவள் பேரின்மேல் நீளமாக ஒரு கோடு போட்டார். "இந்தா பாரு. அடிச்சிட்டேன். அடிச்சதுக்கப்பறம் இந்தப் பக்கத்த நானே திருப்பிப் பாக்க மாட்டேன். என்னா, போதுமா?" அறுநூறு ரூபாயை அவள் கையில் திணித்தார். அந்த அறுநூறை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு நாள் முந்தானையிலேயே முடிந்து வைத்திருந்தாள். பிறகு அரிசி வாங்கினாள்.

ஜூன் தொடக்கத்தில் செல்லத்தின் பேர் சரியாகிவிட்டது என்று பாரதிப்ரியா போன் செய்தாள். அஞ்சுகத்தினுடையது இன்னும் இடித்தது. ஏலக்கூடத்தில் குழுவைக் கூட்டி, தான் விலகிக்கொள்வதாகவும் செல்லத்தைத் தலைவியாகப் போடும்படியும் எழுதிக் கொண்டுவந்த தாளை அஞ்சுகமே வாசித்தாள். வேண்டாம் அக்கா என்று யாராவது ஒருத்தி சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். ஒருத்தியும் சொல்லவில்லை. எல்லோருக்கும் வண்டி வேண்டியிருந்தது, அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் வலித்தது. செல்லம் மட்டும் கடைசிவரை தலையைத் தூக்கவில்லை.

ஜூலையில் வண்டி வந்தது. வெள்ளை வண்டி, நீல ஐஸ் பெட்டி, முன்னால் மாலை. அஞ்சுகம் பஸ் ஸ்டாப்பில் கூடையோடு நின்றிருந்தாள். வண்டி அவளைத் தாண்டிப் போய் நின்றது. டிரைவர் பக்கத்தில் இருந்த செல்லம் இறங்கி ஓடிவந்து கூடையைத் தூக்கி ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள்.

"உறுப்பினர் இல்லாதவளுக்கு எவ்வளவு வாடகை, சொல்லு" என்றாள் அஞ்சுகம்.

"வாய மூடுக்கா" என்றாள் செல்லம். மார்ச் மாதத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. அன்றைக்கு அஞ்சுகம் கைவீசிக்கொண்டு பஸ் ஏறினாள். பக்கத்தில் ஒரு டீச்சர் வந்து உட்கார்ந்தார், எழுந்து போகவில்லை. ஆனாலும் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. வண்டியில் ஓசியாகப் போகிற கூடை அவள் கண்ணிலேயே நின்றது.

கூடை விற்ற காசில் பத்து, இருபது, ஐம்பது என்று மிச்சம் பிடித்தாள். சோமசேகரன் வாத்தியாரிடம்கூட இருநூற்றைம்பதிலிருந்து ஒரு ரூபாய் இறங்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு சேர்ந்தது. ஒரு மஞ்சள் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு நாகப்பட்டினம் போனாள்.

அங்கே புதிதாக ஒரு மேனேஜர் வந்திருந்தார். கோப்பை முழுதும் படித்தார். அவள் வந்துபோன தேதிகளை எல்லாம் படித்தார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வையில் நிஜமான மரியாதை இருந்தது.

"உக்காருங்கம்மா. முடிஞ்ச கணக்குக்கு நாலு வருஷம் கழிச்சுத் தேடி வந்து கட்டுறவங்கள நான் பாத்ததே இல்ல. அந்த எண்ணூற விட்டுடுறேன். பன்னெண்டாயிரம் குடுங்க, போதும். நான் மேல பேசிக்கிறேன்."

அஞ்சுகம் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடமாக அவள் காது கேட்கத் துடித்த வார்த்தை அது. எதிராளி தானாக வாயைத் திறந்து குறைக்கிறான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது, பதினொன்றரை என்று.

"ஐயா, வேண்டாங்க!" என்று கத்தியேவிட்டாள். கவுண்டரில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒங்களக் கும்புடுறேன். ஒத்த ரூவா கொறைக்காதீங்க. முழுசா வாங்கிக்குங்க."

மேனேஜர் திகைத்துப்போனார். "ஏம்மா, எண்ணூறு ரூபா ஒங்களுக்குப் பெருசு இல்லியா?"

"பெருசுதாங்க. ரெண்டு நாள் பொழப்பு. எண்ணிக்குங்க."

அவர் எண்ணினார். மீன் வாடை அடித்த நோட்டுகளை ஒவ்வொன்றாக அவர் எண்ணுவதை அவள் நின்றுகொண்டே பார்த்தாள். எண்ணி முடித்ததும் இன்னொரு தடவை எண்ணச் சொன்னாள். ரசீது வந்தது. அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். பெறப்பட்டது பன்னிரண்டாயிரத்து எண்ணூறு, தள்ளுபடி எதுவும் இல்லை, பாக்கி எதுவும் இல்லை.

"இன்னொருக்கா படிங்க ஐயா."

அவர் படித்தார். அஞ்சுகம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள்.